பெயரோடு இனிஷியலையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெயர்ப் புத்தகங்கள் பெயரைத் தனியாகத்தான் காட்டும். யாழினி என்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. அப்பா பெயர் நாகராஜன் என்றால் பள்ளி நோட்டில் அது 'நா. யாழினி' ஆகிவிடும். நடுவில் இருக்கும் புள்ளியை விழுங்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள், பத்தாம் வகுப்பு வரை விடவும் மாட்டார்கள்.

குடும்பப் பெயரோடு பொருந்துகிற மாதிரி பெயர் வை என்பது ஊருலகத்தில் எல்லோரும் சொல்கிற யோசனை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. அந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டதால் பெயருக்குப் பின்னால் வால் இல்லை, முன்னால் ஒரு எழுத்து மட்டும் நிற்கிறது. அந்த ஒற்றை எழுத்து எங்கெங்கே விரியும், எங்கே குழந்தையின் பெயரை விழுங்கும் என்பதையெல்லாம் யோசிக்காமல் பெயர் வைத்துவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது முழிக்கிறவர்கள் நிறைய.

முதல் படி: அப்பா பெயர் எங்கே உட்காரப் போகிறது?

பெயரைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். வழி மூன்று. ஒன்று, ஒற்றை எழுத்தாக முன்னால். இரண்டு, முழுப் பெயராக முன்னால். மூன்று, முழுப் பெயராகப் பின்னால்.

கடைசி இரண்டுக்கும் பெரிய ஆட்களே சாட்சி. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் சொந்தப் பெயர் ஆனந்த், விசுவநாதன் அப்பா பெயர். அப்பா பெயர் முன்னால் வந்ததால், வெளிநாட்டுக்காரர்கள் அதுதான் இவரைக் கூப்பிடும் பெயர் என்று நினைத்து 'விஷி' என்று செல்லமாகச் சுருக்கிவிட்டார்கள். கணிதமேதை ராமானுஜனுக்கும் ஸ்ரீநிவாச என்பது அப்பா பெயர்தான். ஆனால் ஆய்வுலகில் கடைசிப் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுவதுதான் வழக்கம் என்பதால், உலகம் அவரைச் சரியாக அவர் பெயராலேயே சொல்கிறது. 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் கதையும் இதேதான். 2009-இல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு அப்பா பெயர் பின்னால் இருக்கிறது. அதனால் ஆய்விதழ்கள் எல்லாம் அவரை அப்பாவின் பெயரால்தான் குறிப்பிடுகின்றன.

பிள்ளை உள்ளூரிலேயே படித்து வளரப் போகிறான் என்றால் இனிஷியல் போதும் என்று தோன்றும். ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் மூன்று இடத்திலும் உட்கார்த்திப் பார்த்துத் தேறுகிற பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் என் கட்சி. ஒரு தாளில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வரி எழுதுங்கள்: 'கு. ரம்யா', 'குமார் ரம்யா', 'ரம்யா குமார்'. இனி வரும் சோதனைகளுக்கெல்லாம் இந்தத் தாள்தான் வேண்டும்.

இனிஷியல் அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. உ.வே. சாமிநாதையருக்கு ஊர் உத்தமதானபுரமும் அப்பா வேங்கடசுப்பையரும். மு.க. ஸ்டாலினுக்குத் தாத்தாவும் அப்பாவும். கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வழக்கில், குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போது அம்மா, அப்பா இரண்டு பேர் எழுத்தையும் போடுகிறவர்களும் கூடி வருகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதற்கென்று தனிச் சோதனை ஒன்று உண்டு, மூன்றாம் படியில் வருகிறது.

இரண்டாம் படி: பெரியவர்களின் நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்

பட்டியல் போட்டு முடித்த பிறகு 'நட்சத்திர எழுத்து பார்த்தீங்களா?' என்று மாமியார் கேட்டால் பாதிப் பட்டியல் போய்விடும். அஸ்வினி என்றால் சு, சே, சோ, லா என்று ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு எழுத்து சொல்வார்கள். திருவாதிரைக்கு வரும் எழுத்துகளில் 'ங' வரிசையும் உண்டு. 'ங'வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? எல்லோரும் 'கு'வைப் பிடித்துக்கொள்வார்கள். நம்பிக்கை இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் நட்சத்திரப் பெயரை ஐயர் காதில் சொல்ல ஒன்று, சான்றிதழில் எழுத ஒன்று என்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு.

தாத்தா பெயர் வைக்க வேண்டும் என்றாலும் அதையே செய்யலாம். மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று இருந்த வீடுகளில், பேரனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டு, 'ராஜா', 'தம்பி' என்று வேறு பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

எண் கணிதம் பார்க்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூட்டுவதாக இருந்தாலும், ஒரு 'எச்' சேர்ப்பதாக இருந்தாலும், சான்றிதழ் எழுதும் முன்பே செய்துவிடுங்கள். பிறகு கூட்டினால் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு எழுத்து இருக்கும்.

மூன்றாம் படி: இனிஷியல் ஒட்டிக்கொள்கிறதா?

இதில்தான் அதிகம் வழுக்கும். தமிழ் இனிஷியல் பெரும்பாலும் உயிர்மெய் எழுத்து. அது தனியாக நிற்காது, பக்கத்துப் பெயரோடு ஒட்டி ஒரு சொல்லாகிவிடும். தமிழில் கையெழுத்திடும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு வலியுறுத்துகிறது. ஆகவே 'நாங்கள் ஆங்கில எழுத்துதான் போடுவோம்' என்று தப்பிக்க முடியாது.

ஒட்டிப் படித்துப் பாருங்கள். குமார் மகன் ரங்கநாதன்: 'கு. ரங்கநாதன்'. சாமி பெயர், தாத்தா பெயர், எல்லாம் சரி. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் வேகமாகப் படிக்கும்போது முதல் மூன்று எழுத்தில் வகுப்பே சிரித்துவிடும். மூர்த்தி மகள் தேவி என்றால் 'மூ. தேவி'. இதற்கு விளக்கம் தேவையில்லை. பேச்சிமுத்து மகளும் யாழினியாக வேண்டாம். 'அ' என்ற இனிஷியல் வடமொழிப் பெயர்களின் முன்னால் நின்றால் பொருளையே கவிழ்த்துவிடும்: 'அ. தர்மா', 'அ. விவேக்'. சாமிநாதனின் 'சா', பீட்டரின் 'பீ' ஆகியவை தனியாக நின்றாலே தர்மசங்கடம். இவர்கள் ஒற்றை எழுத்தில் நிறுத்தாமல் 'சாமி.' என்றோ, அப்பா பெயரை முழுவதுமாகவோ எழுதிவிடலாம். ராஜேந்திரன், ராமசாமி மாதிரிப் பெயர்களுக்கு 'ரா.'வா 'இரா.'வா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பழைய தலைமுறையில் 'இரா.' அதிகம், இரா. நெடுஞ்செழியன் மாதிரி. இரண்டும் சரிதான், மாற்றி மாற்றி எழுதினால்தான் வம்பு.

ஒட்டுவதெல்லாம் மோசமும் இல்லை. 'வி. மலர்', 'கோ. மதி' என்று சேர்ந்து இன்னொரு நல்ல பெயராகவே ஒலிப்பதும் உண்டு. கேட்பவர் 'கோமதியா?' என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாத மனசு மட்டும் வேண்டும்.

ஆங்கில எழுத்திலும் பாருங்கள், முக்கியமாக இரண்டு எழுத்துப் போடுகிறவர்கள். அம்மா கவிதா, அப்பா தினேஷ், தினேஷுக்கு ஆங்கிலத்தில் 'டி'. பிள்ளை 'கே.டி.' ஆகிவிடுவான், காவல்நிலையப் பலகையில் படம் ஒட்டுகிற கேடி. வரிசையை மாற்றி 'டி.கே.' என்று போட்டால் பிரச்சினை தீர்ந்தது. 'ஓ.சி.' வந்தால் பேருந்தில் டிக்கெட் எடுக்காதவர் என்று ஆயுள் முழுக்கக் கேலி. 'எம்.டி.' நிறுவனத் தலைவர் மாதிரி கம்பீரமாகத்தான் இருக்கும், வேகமாகச் சொன்னால் காலி டப்பா.

இந்தச் சோதனைக்கு உங்களைவிடச் சிறந்த நீதிபதி வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பையன்தான். எழுதிக் கொடுத்து, 'இதை வச்சு எப்படி ஓட்டுவ?' என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா அசிங்கத்தையும் கண்டுபிடித்துவிடுவான்.

நான்காம் படி: இரண்டு பெயரும் சந்திக்கும் இடம்

இப்போது தாளில் உள்ள இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்கு வருவோம். முதல் பெயர் முடிகிற ஒலியும் அடுத்த பெயர் தொடங்குகிற ஒலியும் எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் முழுப்பெயரின் ஓசை இருக்கிறது. பள்ளியில் படித்த புணர்ச்சி விதி கடைசியில் இங்கேதான் உதவுகிறது.

ஒரே மெய் இரண்டு பக்கமும் நின்றால் ஒன்று காணாமல் போகும். 'குமார் ரம்யா' வாயில் 'குமாரம்யா' ஆகிவிடும். 'செந்தில் லாவண்யா', 'செந்திலாவண்யா'. இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது: 'சரவணன் அனன்யா'. வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். 'சரவணனனன்யா' என்று எத்தனை 'ன' போட்டோம் என்றே தெரியாமல் நாக்கு சுற்றும்.

முதல் பெயர் மெய்யில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும். 'கதிர் அமுதன்' என்பது 'கதிரமுதன்'. காதுக்கு இனிமைதான், ஆனால் தொலைபேசியில் கேட்டு எழுதுகிறவர் ஒரே பெயராக எழுதிவிடுவார். இரண்டு பக்கமும் உயிர் என்றால் நடுவில் 'ய்' அல்லது 'வ்' தானாக முளைக்கும்: 'துரை இனியா', 'துரையினியா'. பாபு, ராஜு போன்ற பெயர்களில் கடைசி உகரம் ஓடியே போய்விடும். 'பாபு இனியன்', 'பாபினியன்' என்றுதான் காதில் விழும்.

அப்பா பெயர் ல், ர், ன் என்று மெல்ல முடிகிறதா? அடுத்த பெயர் க, த, ப, ம, வ என்று தொடங்கினால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 'செந்தில் கயல்', 'முருகன் தமிழினி', 'குமார் வெண்ணிலா'. சொல்லிப் பார்த்தால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதில் குழப்பமே இல்லை.

மேலே சிக்கலாக இருந்த பெயர்களைத் தூக்கிப் போடும் முன் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'ரம்யா குமார்', 'லாவண்யா செந்தில்', 'அனன்யா சரவணன்'. மூன்றும் சுத்தம்! பெண் குழந்தைகளின் பெயர் பெரும்பாலும் ஆ, இ, ஐ என்று உயிரில் முடிவதால், அப்பா பெயருக்கு முன்னால் வைத்தால் நன்றாக உட்கார்ந்துவிடும். 'அன்' என்று முடிகிற ஆண் பெயர்களுக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் அப்பா பெயர் வந்தால்தான் ஒட்டும்: 'இனியன் அருண்', 'இனியனருண்'. அப்பா பெயர் அருண், ஆனந்த், இளங்கோ என்றால் மகன் பெயரை 'அன்' இல்லாமல் வைத்தாலும் தப்ப முடியாது: 'கவி அருண்' என்று வைத்தாலும் நடுவில் 'ய்' வரும், 'கார்முகில் அருண்' என்று வைத்தாலும் ஒட்டும். இந்த மாதிரி அப்பாக்களுக்குப் பெயர் முன்னால் இருப்பதே நல்லது: 'அருண் கார்முகில்', 'இளங்கோ கவின்'.

மோனை பற்றி ஒரு வார்த்தை. 'முருகன் முகிலன்', 'கதிர் கயல்' என்று முதலெழுத்து ஒன்றி வந்தால் தமிழ்க் காதுக்குப் பிடிக்கும். ஆனால் அதையே இனிஷியலாகச் சுருக்கினால் 'மு. முகிலன்', 'க. கயல்' என்று திக்குகிற மாதிரி ஆகிவிடுகிறது. முழுப்பெயராக எழுதப் போகிறவர்கள் மோனையை வைத்துக்கொள்ளலாம், இனிஷியல்காரர்கள் விட்டுவிடலாம். கடைசியில் ஒலி ஒன்றி வருவது எந்த விதத்திலும் எனக்குப் பிடிப்பதில்லை. 'ராஜேஷ் ரித்தேஷ்' கடைப் பலகைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நீளம்: ஒன்று நீளம் என்றால் மற்றது குட்டை. 'பாலசுப்பிரமணியன் இனியா' நன்றாக இருக்கிறது. 'மீனாட்சிசுந்தரம் கார்த்திகேயன்' விண்ணப்பக் கட்டங்களில் அடங்காது. இரண்டுமே இரண்டெழுத்து என்றால் ('ரவி மதி') சொல்லத் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். 'ரவி வெண்மதி' என்றால் மூச்சு விட இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: மொட்டை மாடியிலிருந்து கூப்பிடுங்கள்

தெருவில் விளையாடும் பிள்ளையை மாடியிலிருந்து கூப்பிடுவது போல் பெயரை நீட்டிச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் இதற்கென்றே செய்தவை: முருகன் முருகா ஆவான், கதிரவன் கதிரவா ஆவான், கயல்விழி 'கயலூ' ஆவாள். 'ஷ்', 'க்' என்று முடிகிற இப்போதைய பெயர்களை நீட்ட முடியாது. 'ரித்திக்' என்று கத்தினால் குரல் சுவரில் முட்டி நிற்கும், கடைசியில் 'ரித்திக்கூ' என்றுதான் கூப்பிடுவீர்கள். அப்படிக் கூப்பிடப் பிடிக்கும் என்றால் சரி.

சுருக்கினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே பாருங்கள். அபிராமி அபி ஆவாள், கார்த்திகேயன் கார்த்தி ஆவான். நீங்கள் விரும்பாத சுருக்கம் வருமென்றால் அதுதான் நிலைக்கும்.

ஆறாம் படி: ஆங்கில எழுத்தில்

யாழினி, எழில், கயல்விழி என்று 'ழ' உள்ள பெயர்களைத் தமிழ்நாட்டில் 'இசட் எச்' போட்டு எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் பலர் 'எல்' போடுகிறார்கள். 'இசட் எச்' போட்டால் சென்னைக்கும் கேரளத்துக்கும் புரியும், டெல்லியில் 'யாஜினி', லண்டனில் 'யாஸ்-ஹினி'. 'எல்' போட்டால் எல்லோரும் ஓரளவு சரியாகச் சொல்வார்கள், 'ழ' மட்டும் போய்விடும். 'ழ' போகக்கூடாது என்று நினைப்பவன் நான். பெங்களூரிலோ டொரொண்டோவிலோ தினமும் திருத்திக்கொண்டிருக்கப் போவது குழந்தைதான் என்பதால், இதில் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

பெயரை ஒரே சொல்லாக எழுதுங்கள். 'ஸ்ரீ நிதி', 'சாய் பிரியா' என்று இடைவெளி விட்டால் ஒரு படிவத்தில் ஸ்ரீ முதல் பெயராகும், நிதி நடுப்பெயராகும், இன்னொன்றில் நிதியே காணாமல் போகும்.

ஏழாம் படி: பதிவும் பாஸ்போர்ட்டும்

பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆனால் பெயரை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டே பதியலாம், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். மருத்துவமனையில் அவசரப்படுத்துகிறார்களே என்று வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடாதீர்கள். விட்ட கட்டத்தை நிரப்புவது சுலபம், எழுதிய பெயரை மாற்றுவது அலைச்சல். அரசிதழில் விளம்பரம் வரை போக வேண்டியிருக்கும்.

இந்தச் சான்றிதழின் கனமும் இப்போது கூடிவிட்டது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, அம்மா அப்பா பெயர்கள் அவர்களின் ஆதாரில் உள்ளபடியே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் 'ழ' 'ல' ஆகும், 'ண' 'ன' ஆகும்.

பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டம் வரும். கொடுத்த பெயருக்கான கட்டத்தில் குழந்தையின் பெயர், குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்தெழுதிய அப்பா பெயர் அல்லது அம்மா பெயர். 'எங்களுக்குத்தான் குடும்பப் பெயர் இல்லையே' என்று இரண்டாவதை வெறுமையாக விடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம் தளர்த்தினாலும், அந்த நேரத்தில் விமான நிலையத்தில் நின்றவர்களுக்கு அது உதவியிருக்காது. அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லாதவர்களுக்கு 'எஃப்.என்.யூ' என்று அச்சிடுவார்கள், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதையே பெயர் என்று நினைத்து அங்கே கூப்பிடுகிறவர்களும் உண்டு.

வெளிநாட்டிலேயே குழந்தை பிறக்கிறது என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். மலேசியாவில் 'அ/லெ', 'அ/பெ' என்றும் சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும் இன்னார் மகன், இன்னார் மகள் என எழுதும் வழக்கம் இருக்கிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக உள்ள உங்கள் அப்பா பெயரே பிள்ளைக்கும் வந்துவிடலாம். அதாவது குழந்தை தன் தாத்தா பெயரோடு வளரும், அதன் பிள்ளைகளும் அதே பெயரோடு. அப்படியானால் மேலே சொன்ன ஒட்டல், நீளம், மோனைச் சோதனைகளையெல்லாம் உங்கள் பெயரோடு செய்யாமல் உங்கள் அப்பா பெயரோடு செய்யுங்கள். அந்த நாட்டில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுக்க முடியுமா என்று பதிவு அலுவலகத்தில் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கேட்க நேரமிருக்காது, தூக்கமும் இருக்காது.